இருபத்தெட்டு நாள்கள்

குமரி மாவட்டத்தில் பல குடும்பங்கள், குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாளில் அதன் இடுப்பில் அரைஞாண் கட்டி மகிழ்கின்றன. மருத்துவ நூல்களும் முதல் 28 நாள்களையே பச்சிளங்குழந்தைப் பருவம் என வரையறுக்கின்றன. இவ்விரு கணக்கும் ஒத்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், தொற்றுநோய் மிக எளிதில் உயிரைப் பறிக்கும் காலம் அதுவே என்பதில் ஐயமில்லை.

பெரியவர்களைத் தொற்று பற்றினால் காய்ச்சல் அடிக்கும். நோகும் இடத்தைச் சொல்ல வாயும் உண்டு. பச்சிளங்குழந்தைக்கோ குருதியில் கிருமி பரவும்போது உடல் சுடுவதற்கு மாறாகச் சில்லிட்டுப் போவதும் உண்டு. பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ‘உரம் விழுந்திருக்கும்’, ‘கண்ணேறு பட்டிருக்கும்’ என்று எண்ணி ஒரு பகற்பொழுதைக் கழித்தாலும் காலம் கடந்துவிடக்கூடும். மருத்துவர்கள் குருதியைச் சோதனைக்கு அனுப்பினாலும், கிருமி இன்னதென்று தெரிய ஓரிரு நாள்களேனும் ஆகும். ஆகவே, முடிவுக்குக் காத்திராமல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை ஊசிவழியே செலுத்தத் தொடங்குவர்.

அம்மருந்தும் பலிக்காமற்போவதுதான் இன்றைய பெருங்கவலை. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வு, பச்சிளங்குழந்தைகளைத் தாக்கிய கிருமிகளுள் பல, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துவகைகளுக்கு அடங்காதவை எனக் காட்டியது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருத்துவரைக் காணாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிறந்து மூன்று நாளே ஆன குழந்தை எந்த மாத்திரையையும் வீணடித்ததில்லை.

நோயைத் தடுப்பதிலும் பெரியவர்களே முந்த வேண்டும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1813ஆம் ஆண்டு இராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில் அம்மைத் தடுப்பூசி அறிமுகமாயிற்று. மக்களின் அச்சம் தீர அரச குடும்பத்தினரே முதலில் அதனைக் குத்திக்கொண்டனர். 1879ஆம் ஆண்டு அரசாணை அரசு ஊழியர்க்கும் மாணவர்க்கும் சிறைவாசிகளுக்கும் அதனைக் கட்டாயமாக்கியது. ஆணையைவிட அரண்மனையின் முன்மாதிரியே போற்றத்தக்கது.

அதே நெறியை இரணசன்னித் தடுப்பூசியிலும் காணலாம். கருவுற்ற தாய்க்கு ஊசி போடப்படுகிறது. அவர் உடலில் உருவாகும் எதிர்ப்பாற்றல் நச்சுக்கொடி வழியே குழந்தையைச் சேர்கிறது. இத்தடுப்பூசியாலும் தூய்மையான மகப்பேற்றாலும், பச்சிளங்குழந்தைகளின் இரணசன்னியை நாடு ஒழித்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளைவாதம், கல்லீரல் அழற்சி-பி ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்துகள் குழந்தைக்குத் தரப்படுகின்றன. கக்குவான் இருமலுக்கான ஊசியோ ஆறாம் வாரத்தில்தான் தொடங்குகிறது. பெரியவருக்கு வெறும் நீடித்த இருமலாக இருக்கும் அந்நோய், சிசுவுக்கு மூச்சுத்திணறலாக முடியலாம். இந்நிலையில், குழந்தையைப் பார்க்கவரும் உறவினர் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பார்க்கும் வழக்கமே வேண்டாம் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. உறவின் அன்பைப் பழிப்பதில் பயனில்லை. அரைஞாண் கட்டும் நாள்வரை வருகையைத் தள்ளிவைத்தால் போதும். அதற்கு முன் வந்தே தீரவேண்டிய பாட்டியும் அத்தையும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பின்பே குழந்தையைத் தூக்குதல் வேண்டும். இருமல் உள்ளவர் வாசலிலேயே நலம் கேட்டுத் திரும்பலாம். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ தடவ எவருக்கும் இடம்தரலாகாது.

கிராம சுகாதாரச் செவிலியர் வீடுதேடி வரும்போது, ‘இது பெண்கள் காரியம்’ என்று தந்தை வெளியே சென்றுவிடுவது பல வீடுகளின் நடைமுறை. அவரும் அருகிருந்து அறிகுறிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்த்து 108ஐ அழைக்க வேண்டியவர் அவராகவும் இருக்கலாம்.