மின்னூர்திக்கும் நிலமும் பொழுதும் உண்டு

மின்னூர்தி வாங்கப் புகுவோர் எழுப்பும் முதல் வினா, ஒருமுறை மின்னூட்டினால் எத்துணைத் தொலைவு ஓடும் என்பதே. விற்போரும் அவ்வெண்ணையே பேரெழுத்தில் பொறிக்கின்றனர். அஃது எந்நிலத்தில், எப்பொழுதில் அளந்த எண் என்று கேட்பார் அரியர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியத்தைக் கற்ற நாம் அதனைக் கேளாதிருத்தல் தகுமோ?

இலித்திய மின்கலம் ஏறத்தாழ 15 முதல் 35 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலையிலேயே நலமுற இயங்கும். வெம்மை மிகின், உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் விரைந்து சிதைந்து கொள்ளளவு குன்றும். உறைநிலைக்குக் கீழே விரைந்து மின்னூட்டினாலோ, மின்முனைக்குள் புகவேண்டிய இலித்தியம் அதன் மேலேயே மாழையாய்ப் படிந்துவிடும்.

குளிர்நாட்டிலோ இடர் இரட்டிக்கும். கன்னெய் எரிக்கும் பொறி, தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை வெப்பமாய் வீணாக்குகின்றது. அவ் வீண்வெப்பமே பனிக்காலத்தில் உள்ளிருப்போரைக் காக்கின்றது. மின்பொறி வீணாக்குவதோ மிகச் சிறிது. அதன் செட்டே அங்குக் குறையாகிவிடுகின்றது. இருப்போரைச் சூடேற்றவும் மின்கலத்தையே நாட வேண்டியிருத்தலின், ஓடுந்தொலைவு சுருங்குகின்றது. வெப்பக்கம்பி ஓரலகு மின்னாற்றலுக்கு ஓரலகு வெப்பமே தரும். வெளிக்காற்றின் வெப்பத்தைத் திரட்டி உள்ளேற்றும் வெப்ப எக்கியோ, கடுமையற்ற குளிரில் இரண்டு மூன்று அலகு தரவல்லது. 2024 சனவரியில் அமெரிக்கச் சிகாகோ மாநகரில் கடுங்குளிர் வந்துற்றபோது, மின்னூட்டு நிலையங்களில் ஊர்திகள் நெடுநேரம் முடங்கிக் கிடந்தன. குளிர்ந்த மின்கலம் சூடேறும் வரை மின்னை விரைந்து ஏலாமை அதற்கொரு பெருங்கரணியம்.

வெப்பநாட்டின் பாடம் இதனினும் நமக்கு நெருங்கியது. 2010 இறுதியில் நிசான் நிறுவனம் 'இலை' எனப் பொருள்படும் 'இலீபு' மகிழுந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் மின்கல அடுக்கைக் குளிர்விக்க நீர்மச் சுற்றும் இல்லை, விசிறியும் இல்லை. அரிசோனாவின் பாலை வெயிலில், 2012 கோடையிலேயே பீனிக்சு மாநகரத்தார் தம் மின்கலங்கள் கொள்ளளவு இழந்தமை கண்டு முறையிட்டனர். அதன் பின்னரே அந்நிறுவனம் கொள்ளளவு இழப்புக்கும் பொறுப்புறுதி வழங்கியது. 2025-இல் அறிமுகமான அவ்வூர்தியின் மூன்றாம் வடிவத்திலேதான் நீர்மக் குளிர்விப்பு இடம்பெற்றது. பாலை நிலம் இரண்டாண்டில் கற்பித்ததைச் செயற்படுத்தப் பதின்மூன்றாண்டு சென்றது!

குளிர்விப்பு அமைப்பால் விலையும் எடையும் கூடும் என்பர். உண்மையே, சிறிய ஈருருளிக்கு வெப்பம் உமிழும் மாழைக் கூடே போதியதாகவும் அமையலாம். எல்லா ஊர்திக்கும் ஒரே அமைப்பு வேண்டும் என்பதன்று நம் கூற்று. ஓடும் நிலத்திற்கு ஏற்றது வேண்டும்; உள்ளது யாதென மறைக்காமல் கூறவும் வேண்டும் என்பதே.

வேலூரிலும் கரூரிலும் கோடைவெயில் 40 பாகையைக் கடக்கின்றது. இந்நிலத்தில் கடன்பட்டு மின்னூர்தி வாங்கும் உழைப்பாளிக்கு, அதன் விலைமிக்க உறுப்பாகிய மின்கலம் நலிவுறின் கடன் தீருமுன்னரே ஊர்தி சுமையாகும். 2022-இல் மின் ஈருருளிகள் ஆங்காங்கே தீப்பற்றியபின், இந்திய அரசு மின்கலக் காப்பு விதிகளை இறுக்கியது. அது நன்றே. ஆயினும், தீப்பற்றாமை மட்டுமே நலமாகிவிடாது.

மின்கலம் எவ்வாறு குளிர்விக்கப் பெறுகின்றது, 40 பாகை வெயிலில் எத்துணைத் தொலைவு ஓடும், எத்துணையாண்டு எவ்வளவு கொள்ளளவிற்குப் பொறுப்பேற்பர் என்னும் மூன்றையும் ஒவ்வொரு விலைத்தாளிலும் பொறிக்க அரசு கட்டளையிடல் வேண்டும். அதுகாறும், வாங்குவோரே, இம்மூன்றையும் வாய்திறந்து கேளுங்கள்! விடை கூறத் தயங்குவாரிடம் பொருளைக் கொடாதீர்!