கரன்ட் கம்பியா, கம்ப்யூட்டரா?

திண்டுக்கல் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் ஆறு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. “பவர் கிரிட் பங்கு வாங்கலாம், கவர்ன்மென்ட் கம்பெனி, பயமில்லை” என்கிறார் அவர். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகனோ, “அப்பா, அது ஆமை. இன்ஃபோசிஸ் வாங்குங்க” என்கிறானாம். இரண்டு வருடத்தில் மகள் கல்யாணம். வீட்டுக் கடன் தவணையைக் கட்டுவது மகன்தான். யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் அப்பா கட்சியைப் பார்ப்போம்.

பவர் கிரிட் 1989-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். நம் வீட்டுக்கு கரன்ட் பில் போடுவது அது அல்ல. மின்சாரத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் பெரிய கோபுரங்களும் கம்பிகளும்தான் அதன் தொழில். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பாதை போட்டிருக்கிறது. அதில் 6,000 மெகாவாட் வரை அனுப்பலாம்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் வாடகை வீடு மாதிரி. குடியிருப்பவர் ஊருக்குப் போய்விட்டாலும் வாடகை வருகிறதல்லவா? அதுபோல, கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பது கணக்கில்லை. கம்பி தயாராக இருந்தால் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்துக்கான விதிகளை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எழுதுகிறது. ஆயிரம் கோடியில் ஒரு பாதை என்றால் 700 கோடி கடன், 300 கோடி சொந்த முதல் என்று வைத்து, சொந்த முதலுக்கு ஏறக்குறைய 15 சதவிகிதம் லாபம் அனுமதிக்கிறது. அதாவது வருடத்துக்கு 45 கோடி. ஏலத்தில் எடுக்கும் பாதைகளுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. அங்கே யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை.

45 கோடி, 60 கோடி ஆக வேண்டுமானால்? இன்னும் கோபுரம் நட வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும், இல்லை புதுப் பங்கு விற்க வேண்டும். 2010-ல் பவர் கிரிட் பங்கை 90 ரூபாய்க்கு மக்களுக்கு விற்றார்கள். 2013-ல் மறுபடி விற்றபோதும் விலை அதே 90 ரூபாய்தான்! நடுவில் மூன்று வருடம் விலைவாசி சும்மா இருந்ததா என்ன? முதலில் வாங்கியவருக்குக் கொஞ்சம் டிவிடெண்ட் வந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு பொறுமையாக இருந்தவர்களை கம்பெனி ஏமாற்றவில்லை. 2021-லும் 2023-லும் மூன்று பங்குக்கு ஒரு போனஸ் பங்கு கொடுத்ததால், 90 பங்கு வைத்திருந்தவரிடம் இப்போது 160 இருக்கும். ஆமைதான், ஆனால் முட்டையிடும் ஆமை. “பயமில்லை” என்பது மட்டும் பாதி உண்மை. தொழில் ஆடாது, பங்கு விலை ஆடும். பேங்க் வட்டி ஏறும்போது இந்த மாதிரி டிவிடெண்ட் பங்குகளின் மவுசு குறைந்துவிடும்.

இப்போது மகன் கட்சி.

1981-ல் தொடங்கிய இன்ஃபோசிஸுக்குக் கோபுரமும் வேண்டாம், பெரிய கடனும் வேண்டாம். ஆட்களும் அவர்கள் மூளையும்தான் முதல். லாபத்தின் பெரும்பகுதியை அப்படியே பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடிகிறது. 2025-ல் 18,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. பவர் கிரிட்டால் இப்படிச் செய்ய முடியாது, அடுத்த கோபுரம் காத்திருக்குமே.

ஆனால், இன்ஃபோசிஸுக்கு “உனக்கு 15 சதவிகிதம்” என்று எழுதிக் கொடுக்க எந்த ஆணையமும் இல்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் வட அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பேங்க் செலவைக் குறைத்தால் இங்கே பங்கு தும்மும். 2003 ஏப்ரலில் ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் விழுந்தது. 2013 ஏப்ரலில் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு போனது. இரண்டு முறையும் கம்பெனி லாபத்தில்தான் இருந்தது. ‘அடுத்த வருடம் இவ்வளவுதான் வளர்வோம்’ என்று சொன்னதுதான் குற்றம். 1993-ல் 95 ரூபாய்க்கு வாங்கியவர் கோடீஸ்வரர் ஆன கதையை எல்லோரும் சொல்கிறார்கள். 2000 மார்ச் உச்சத்தில் வாங்கியவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தவணை கட்டுவது மகன் சம்பளம். அந்தச் சம்பளமும் அதே அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்து வருவதாகத்தான் இருக்கும். அங்கே மந்தம் வந்தால் மகனுக்கு இன்க்ரிமென்ட் நிற்கும், வேலைக்கே ஆபத்து வரலாம். அதே மாதத்தில் இன்ஃபோசிஸ் பங்கும் விழும். தவணைக்கு உதவலாம் என்று பங்கை விற்கப் போனால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். ஏ.ஐ. வந்தபின் இந்தக் கவலை இன்னும் கூடியிருக்கிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய ஐ.டி. முதலீடு இருக்கிறது, அது உங்கள் மகன். இதே கடிதம் மின்வாரிய ஊழியர் வீட்டிலிருந்து வந்திருந்தால் நான் மகன் பக்கம் பேசியிருப்பேன்.

கல்யாணத்துக்கான மூன்று லட்சம் இரண்டு பங்குக்கும் போகக் கூடாது. அது பேங்க் டெபாசிட்டில் இருக்கட்டும். இரண்டு வருடத்தில் முகூர்த்தம் வரும். மார்க்கெட் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு ஒன்றரை லட்சத்தைத் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். மீதி ஒன்றரை லட்சம்தான் பங்குக்கு. அதில் ஒரு லட்சம் அப்பா சொன்னதில், ஐம்பதாயிரம் மகன் சொன்னதில். ஒரே நாளில் வாங்காமல் ஏழெட்டு மாதமாகப் பிரித்து வாங்குங்கள். இரண்டு கம்பெனிகளுமே நிஃப்டி 50-ல் இருப்பதால் ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கினால் சண்டையே வராது. ஆனால், ஜெயிக்க வேண்டும் என்று இருவரும் நிற்கும் வீட்டில் அது எடுபடுமா என்பது சந்தேகம்தான்!

டிவிடெண்டை நம்பி வாங்குவதானால் வரியையும் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்கிறது. ‘மனைவி பெயரில் வாங்கினால் வரி இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணவர் கொடுத்த பணத்தில் உங்கள் பெயரில் வாங்கினாலும் அந்த டிவிடெண்ட் அவர் கணக்கில்தான் ஏறும். அவர் பெயரிலேயே டீமேட் கணக்கு தொடங்கி, நாமினியாக உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள்.