புள்ளி சேர்ந்தால் போதாது

டைமிங் கவரைக் கழற்றியதும் நம் கண் முதலில் தேடுவது கியரில் குத்தியிருக்கும் புள்ளிகளைத்தான். அவை நேராக நின்றால் கவரை மூடிவிடுகிறோம். விலகி நின்றால் முன்பு பிரித்தவரைக் குறை சொல்கிறோம். இரண்டுமே அவசரம். எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்பதை மட்டுமே புள்ளி சொல்கிறது. வால்வு எத்தனை டிகிரியில் திறக்கிறது, எத்தனையில் மூடுகிறது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

மெரிடனில் செய்த ட்ரையம்ப் 650 இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கிராங்க் பினியனில் 25 பல், கேம் கியர்களில் 50, நடுவே ஐட்லரில் 47. 47 பகா எண் என்பதால் ஒரே இரண்டு பற்கள் அடிக்கடி சந்தித்துத் தேய்வதில்லை. ஆனால் ஒருமுறை சேர்ந்து நின்ற புள்ளிகள் எல்லாம் மறுபடி ஒன்றாகச் சேர கிராங்க் 94 சுற்று சுற்றியாக வேண்டும். ஆகவே கவரைத் திறக்கும்போது புள்ளிகள் விலகி நிற்பதுதான் இயல்பு. இது தெரியாதவர் ஐட்லரை உருவி, கிராங்க் பக்கம் மட்டும் புள்ளி சேர்த்துப் போட்டுவிடுவார். அதுவரை சரியாக இருந்த டைமிங் அப்போதுதான் கெடும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சுற்றிப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

அதே கேம் கியரில் மூன்று கீவே வெட்டியிருப்பார்கள். 50 பல்லை மூன்றால் வகுத்தால் மீதி வரும். அந்த மீதிதான் நமக்கு லாபம். ஒரு பல் தள்ளினால் கேமில் 7.2 டிகிரி, கிராங்கில் 14.4 டிகிரி நகரும். கீவேயை மாற்றிப் பல்லையும் அதற்கேற்ப நகர்த்தினால் மூன்றில் ஒரு பல், அதாவது கிராங்கில் 4.8 டிகிரி வரை நுணுக்கமாக வைக்கலாம். மாற்று கேம் போடும்போதுகூட இந்த வசதியைப் பலர் தொடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் பிரிக்கப்படும் வார்ப்பிரும்பு புல்லட்டில் இந்த வசதி இல்லை. ரெட்டிச்சில் வடிவமைத்து, 1950களிலிருந்து சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட அந்த எஞ்சினில் கேமும் கியரும் சேர்ந்தே வரும். நகர்த்தினால் முழுப் பல்லாகத்தான் நகர்த்த வேண்டும். அதனால் போடுவதற்கு முன்பே கேமை அளந்து பார்ப்பது இங்கே இன்னும் முக்கியம். கடையில் இன்று கிடைக்கும் எல்லாக் கேமும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

அளவின் அஸ்திவாரம் டி.டி.சி. இதில்தான் பலருடைய வேலை சறுக்குகிறது. ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நிற்பதைப்போலப் பிஸ்டனும் மேலே தயங்கி நிற்கும். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள 350 புல்லட்டில் கிராங்க் 5 டிகிரி தாண்டிய பிறகும் பிஸ்டன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். பிளக் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு விரலால் உணர்ந்து டி.டி.சி. குறிப்பவர் அந்த 5 டிகிரிப் பிழையை எல்லா அளவிலும் ஏற்றிவிடுகிறார். பிளக் துளையில் ஒரு ஸ்டாப்பரை முறுக்கி, பிஸ்டன் அதில் முட்டும்வரை கிராங்கை ஒரு பக்கம் மெதுவாகச் சுற்றி, டிகிரி வீலில் குறித்து, மறுபக்கமும் சுற்றிக் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுப்பதே சரியான வழி. பிறகு ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு, வால்வு அளவு எடுக்கும்போது எஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மறுபடி வர வேண்டும். இல்லாவிட்டால் கியர்களின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது டப்பெட் இடைவெளி. கேம் முதலில் வால்வை மிக மெதுவாகத்தான் தூக்கும். அந்தப் பகுதியில் திறக்கும் புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. அதனால்தான் ட்ரையம்ப் தன் டைமிங் எண்களை 0.020 அங்குல, அதாவது சுமார் 0.5 மில்லிமீட்டர் இடைவெளியில் கொடுத்தது. அது சோதனைக்கு மட்டுமே. சோதித்த பிறகு ஓட்டத்துக்குரிய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். எந்த இடைவெளியில் அளந்தது என்று சொல்லாத டிகிரி எண்ணால் ஒரு பயனும் இல்லை. இரண்டு பட்டறைகள் ஒரே கேமுக்கு வெவ்வேறு எண் சொல்லிச் சண்டையிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சத்தத்தை வைத்தே டைமிங் சொல்லும் மூத்த மெக்கானிக்குகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் காதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காது பழகியது கம்பெனிக் கேமிலும் கம்பெனி வால்விலும். மாற்று கேமில் இன்லெட் வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு பிஸ்டன் ஏறும்போது கார்பரேட்டர் பக்கமே திரும்பிவிடும். குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். ஜெட்டையும் இக்னிஷனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் அது சரியாவதில்லை.

ஆகவே ஒரு கோரிக்கை. எஞ்சின் பிரித்துக் கட்டும் ஒவ்வொருவரும் அதற்கு ஓர் அட்டை எழுதுங்கள்: நான்கு டிகிரி எண்கள், அளந்த டப்பெட் இடைவெளி, வால்வு தூக்கும் உயரம், கேம் செய்தவர் பெயர். ஒரு நகல் வண்டிக்காரரிடம், ஒன்று பட்டறையில். இன்னொன்றை எங்களுக்கு அனுப்பினால் இந்த இதழில் அச்சிடுவோம். டப்பெட் இடைவெளி எழுதாத அட்டையை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.