லேண்ட் ரோவரில் இன்னிசை



கேமரன் மலையில் வாழும் நமக்கு லேண்ட் ரோவரைப் பற்றி யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை முட்டைக்கோசு ஏற்றவும், உரமூட்டை இறக்கவும், சில சமயம் மணமக்களை ஏற்றிச் செல்லவும்கூட அந்த வண்டிதான் பல காலம் கைகொடுத்தது. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகத்தின் பார்வைக்கு வந்தது. போர் முடிந்த காலத்தில் இரும்புத் தகடு கிடைப்பது அரிதாக இருந்ததால், அலுமினியக் கலப்புத் தகட்டில் உடலைச் செய்தார்கள். அந்தப் பழைய பரம்பரை வண்டியின் உற்பத்தி 2016இல் நின்றுபோனது. ஜப்பானியப் பிக்கப் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், நம் மலைச்சாலைகளில் கித்தான் கூரை போட்ட பழைய லேண்ட் ரோவர்கள் இருமிக்கொண்டே ஏறுவதைப் பார்க்கத்தான் செய்கிறோம்.

அந்த வண்டியில் பாட்டுக் கேட்பது எப்படி? நம் இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "சார், நல்ல செட்டுதான் வாங்கிப் போட்டேன். நின்றுகொண்டிருக்கும்போது தேனாக இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் தகர டப்பா மாதிரி ஆகிவிடுகிறது. இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர் போடலாமா?" என்கிறார்கள். பெரிதாகப் போடும் முன்னால் கொஞ்சம் சிந்தித்துப் பார்ப்போமே!

முதலில் நம் முன்னோரின் அறிவைப் பாருங்கள். கூடத்தில் அமர்ந்து கேட்க வீணையை வைத்தார்கள். தெருவில் சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தையும் தவிலையும் வைத்தார்கள். வீணையை வீதியில் வாசித்தால் யார் காதிலும் விழாது. நாதஸ்வரத்தைச் சிறிய அறைக்குள் வாசித்தால் உட்கார்ந்திருக்க முடியாது. இடத்துக்குத் தகுந்த ஒலி வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை. கூரையைக் கழற்றிய வண்டி கூடமன்று, வீதி. வீதிக்குரிய முறையில்தான் அங்கே இசையை அமைக்க வேண்டும்.

நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டைச் சுருதி என்பதே கிடையாது. இருந்தும் பூசாரியின் குரல் அடுத்த மலையிலுள்ள லயத்துக்குக் கேட்கிறது. காரணம் என்ன? மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. ஆனால் பேச்சின் சொற்களைப் பிரித்துக் காட்டுவது ஏறத்தாழ 1,000 முதல் 4,000 வரையிலான நடுப்பகுதிதான். குழாய் ஒலிபெருக்கி தன் சக்தி முழுவதையும் அந்தப் பகுதியிலேயே கொட்டுகிறது.

இப்போது வண்டியின் இரைச்சலைப் பாருங்கள். இஞ்சின் உறுமல், கியர் பெட்டியின் முனகல், சேற்று டயரின் ரீங்காரம், காற்றின் வீச்சு ஆகியவற்றில் பெரும்பகுதி கட்டையான ஒலிகளே. அவை பாட்டின் கட்டை ஒலிகளை அப்படியே விழுங்கிவிடுகின்றன. மூடிய காருக்குள் கண்ணாடியும் கதவும் சேர்ந்து கட்டை ஒலிக்குத் துணை செய்யும். திறந்த வண்டியில் அந்தத் துணையும் கிடையாது. ஆகவே பேஸ் குமிழை முழுக்கத் திருகுவதால் லாபமில்லை. ஒலிபெருக்கி உதறும், பாட்டு கெடும், சொல் புரியாது. நடுப்பகுதியைச் சிறிது உயர்த்துங்கள். கட்டையை அளவோடு வையுங்கள். பாடகரின் குரல் இரைச்சலுக்கு மேலே எழுந்து நிற்கும்.

அடுத்தது, வாட் கணக்கு. இதில்தான் நம்மவர் காசு அதிகமாகக் கரைகிறது. ஒலியின் அளவை டெசிபல் என்று கணக்கிடுகிறார்கள். வாட்டை இரு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை! பெட்டியின்மேல் "50 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், 12 வோல்ட் பாட்டரியில் நேராக ஓடும் சாதாரண செட்டு ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தொடர்ந்து கொடுப்பது சுமார் 20 வாட்டுக்குள்தான்.

அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியின் உணர்திறனைப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்த எண். 86 என்று போட்ட ஒலிபெருக்கிக்கும் 92 என்று போட்டதற்கும் வித்தியாசம் 6 டெசிபல். அதாவது, 92 உள்ளது 20 வாட்டில் செய்யும் வேலையை, 86 உள்ளது செய்ய 80 வாட் வேண்டும். நம் மலையின் பனிக்கும் மழைக்கும் காகிதக் கூம்பு நீடித்து உழைக்காது. பிளாஸ்டிக் கூம்பு உள்ளதாக, படகுகளில் பொருத்தும் வகையாக இருந்தால் நல்லது.

வாங்கியாயிற்று, எங்கே பொருத்துவது? திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைந்துவிடும். ஆகையால் ஒலிபெருக்கி ஓட்டுநருக்கு அருகே, முன்புறத்தில், காதை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். மெல்லிய ஒலிகள் டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாய்பவை. முழங்காலைப் பார்த்து வைத்தால் முழங்கால்தான் கேட்கும்! ஒலிபெருக்கியை வெறுமனே தகட்டில் தொங்கவிடவும் கூடாது. கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இருக்கிற கொஞ்சநஞ்சக் கட்டை ஒலியும் போய்விடும். பிளைவுட் பலகையில் சிறு பெட்டி செய்து, இடுக்கில்லாமல் அடைத்து, டாஷ்போர்டின் கீழ்த்தட்டில் முடுக்கிவிடுங்கள்.

இரண்டு ஒலிபெருக்கிகளின் கூட்டல், கழித்தல் முனைகளையும் மாறாமல் இணைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும். குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். ஐயம் இருந்தால் டார்ச் பாட்டரி ஒன்றை எடுத்து, ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாட்டரியின் கூட்டல் முனை ஒலிபெருக்கியின் கூட்டல் முனையைத் தொட்டால் கூம்பு வெளியே தள்ளும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, பலன் பெரிது.

இங்கே ஸ்டீரியோ என்பதையும் விளங்கிக்கொள்வது நல்லது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் பிளம்லைன் என்ற பொறியியலாளர் 1931இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். படக்கொட்டகையில் நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க, குரல் மட்டும் ஒரே இடத்திலிருந்து வந்ததைக் கண்டு அவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று ரசிகர்கள் குறிப்பிடுவது 1978இல் இளையராஜா இசையமைத்த "பிரியா" படப் பாடல்களை. சிங்கப்பூரில் எடுத்த படமாயிற்றே, நம்மவர் அதை மறப்பார்களா?

இடக் காதுக்கும் வலக் காதுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். வலது ஒலிபெருக்கி அரை மீட்டரில் இருக்க, இடது ஒரு மீட்டருக்கும் அப்பால். அருகில் உள்ளது முந்திக்கொள்வதால் பாட்டு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். பாலன்ஸ் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் ஓரளவு சரியாகும். இப்போதைய சில செட்டுகளில் அருகிலுள்ள ஒலிபெருக்கியைச் சிறிது தாமதப்படுத்தும் வசதியும் உண்டு. வண்டி வேகமெடுத்த பின் இந்த நுட்பங்களில் பாதி இரைச்சலில் கரைந்துபோகும். அதனால் மனம் வருந்த வேண்டாம். மின்னல் பண்பலையில் செய்தி கேட்க ஒரே ஒலிபெருக்கி போதுமே!

இனி, இரைச்சலைக் குறைக்கும் வழி. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைவிட ஓட்டையை அடைப்பது மேல். கியர் பெட்டி மேல்மூடி, தரைத்தகடு, இருக்கைக்குக் கீழுள்ள பெட்டி ஆகிய மூன்றின் வழியாகத்தான் இரைச்சல் ஏறி வருகிறது. தளர்ந்த ஆணிகளை முடுக்கி, கனமான ரப்பர் விரிப்புப் போடுங்கள். கதவோரம் நுரைப்பட்டை ஒட்டுங்கள். படபடக்கும் கித்தானை வார் போட்டு இறுக்குங்கள். பின்கதவுச் சங்கிலிக்கு ரப்பர் குழாய் மாட்டுங்கள். மூன்று டெசிபல் இரைச்சல் குறைந்தாலும், ஆம்ப்ளிஃபையரை இரு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம்.

மின் இணைப்பில் ஓர் எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் பாட்டரியின் கூட்டல் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய செட்டுகளுக்குக் கழித்தல் முனை உடலோடு இருக்க வேண்டும். பார்க்காமல் மாட்டினால் புதுச் செட்டு புகையாகிவிடும். பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். தகட்டுத் துளை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். வயர் உராய்ந்து தீப்பிடித்தால் வண்டியே போய்விடும். இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் "ஙீ" என்ற சத்தம் கேட்டால், செட்டின் எர்த் இணைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி இறுக்கிப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் படபடவென்ற பொரிச்சல் கேட்டால் அது பிளக்கின் தீப்பொறி செய்யும் வேலை. டீசலுக்குப் பிளக் தீப்பொறி இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை.

வாசகர்களே, இதுவரை சொன்னது இசைக்காக. இனிச் சொல்வது உயிருக்காகவும் செவிக்காகவும்.

நம் சாலைகளின் வளைவுகளில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பனி மூடினால் பத்தடி தூரம்கூட மறைந்துவிடும். அங்கே நம்மைக் காப்பது எதிர் வண்டியின் ஹாரன் சத்தம் ஒன்றுதான். அதைக் கேட்க முடியாத அளவுக்குப் பாட்டு வைப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவருக்கு ஒப்பானவர். காதுக்குள் செருகும் இயர்போன் ஓட்டுநருக்கு ஆகவே ஆகாது.

செவியின் கணக்கு இன்னும் கடுமையானது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு வகுத்துள்ள எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி. 100 ஆகிவிட்டால் கால் மணி நேரம்தான்! பழைய வண்டியின் இரைச்சலே காதைச் சோர்வடையச் செய்யும். அதற்கு மேல் பாட்டையும் உயர்த்தினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒரு முறை அழிந்தால் மனிதனுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. வெட்டினாலும் துளிர்க்க அவை தேயிலைச் செடியல்ல.

இன்னொன்று. சிலர் ஒலிபெருக்கிகளை வண்டியின் பின்தட்டில் வைக்கிறார்கள். ஓட்டுநருக்கு இதமாகக் கேட்கும் ஒலி, அதன் அருகே அமர்ந்துவரும் வேலையாட்களின் காதில் இடியாக விழுகிறது. தூரம் நான்கில் ஒன்றானால் ஒலி 12 டெசிபல் கூடும் என்பதே கணக்கு. காலையில் கூடையோடு ஏறும் நம் தாய்மாரும் அக்காமாரும் பாட்டு உரப்பு என்று ஓட்டுநரிடம் சொல்லத் தயங்குவார்கள். தம்பிமார்களே, அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பின்தட்டில் ஒலிபெருக்கியே வேண்டாம்.

உங்கள் அளவு சரிதானா என்று அறிய எளிய சோதனை உண்டு. ஓட்டிவந்த அளவிலேயே குமிழைத் தொடாமல், வீடு வந்ததும் இஞ்சினை மட்டும் நிறுத்துங்கள். பாட்டு திடுக்கென்று அலறினால், வழியெல்லாம் உங்கள் காது அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். இறங்கிய பின் காதில் "ங்ஙொய்" என்று ஒலித்தால் அது இரண்டாவது எச்சரிக்கை. அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். அடிக்கடி வந்தாலோ, விடாமல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்விச் செல்வத்துக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அந்தச் செல்வம் வந்து சேரும் வாசல் இந்த இரண்டு காதுகள். நடுச்சுருதியை உயர்த்தி, இரைச்சலைக் குறைத்து, ஒலிபெருக்கியை அருகே வைத்து, அளவோடு கேளுங்கள். இறக்கத்தில் இஞ்சின் அடங்கி, தேயிலை வாசம் வீசும் நேரத்தில் ஒரு பழைய பாட்டு மெல்ல ஒலித்தால் அதைவிட இன்பம் வேறென்ன இருக்கிறது?