நான்கு வண்ணங்கள் போதும்!



எண்ணெய் வண்ணம் தீட்டப் பழகும் எவருக்கும் முதலில் எழும் ஆசை ஒன்று உண்டு. கடையின் கண்ணாடி அலமாரியில் 24 டியூப்கள் அடுக்கிய பெட்டி ஒன்று இருக்கும். "அது மட்டும் கிடைத்துவிட்டால் நானும் ஓவியன்தான்" என்று மனம் சொல்லும். அந்தப் பெட்டியை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. காரணம் பணம் மட்டுமன்று, அறிவியலுமாகும்.

சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860-1920) தம்மையே தீட்டிய ஓவியம் ஒன்று உண்டு. ஆண்டு 1896. அதில் அவர் கையிலுள்ள வண்ணத் தட்டில் வெள்ளை, மஞ்சட்காவி, சாதிலிங்கச் சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கே காணப்படுகின்றன. நீலம் இல்லை, பச்சையும் இல்லை. ஆயினும், மனித உடலின் நிறத்தைத் தீட்டுவதில் புகழ் பெற்றவர் அவர்.

நீலமின்றிப் பச்சை வருமா? கறுப்பையும் மஞ்சட்காவியையும் கலந்து பாருங்கள்; மங்கிய பாசிப்பச்சை கிடைக்கும். கறுப்போடு வெள்ளையைக் கலந்தால் வரும் சாம்பல் நிறம் சற்றே நீலம் பாய்ந்திருக்கும். அதைச் செம்மஞ்சளின் அருகில் தீட்டினால் இன்னும் நீலமாகத் தோன்றும். இது நம் கண் செய்யும் வேலை. பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலார் செவ்ரல், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, அருகில் நெய்த நீல, ஊதா நூல்களே அதை அப்படிக் காட்டின! இவ்வாராய்ச்சியை 1839-இல் நூலாக வெளியிட்டார்.

சரி, டியூப்கள் மிகுந்தால் என்ன கெடுதல்? ஒவ்வொரு நிறமியும் தன்மேல் விழும் வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டைக் கலந்தால், இரண்டும் விழுங்காமல் விட்ட ஒளியே பெரும்பாலும் நம் கண்ணை அடைகிறது. ஐந்தாறு நிறமிகளைச் சேர்த்துக் குழப்பினால் எஞ்சுவது சேற்று நிறந்தான்.

"நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை" என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. எந்த நீலம் என்று கேட்க வேண்டும். அல்ட்ராமரீன் நீலம் ஊதாவின் பக்கம் சாய்ந்தது. பச்சை ஒளியைக் குறைவாகவே அனுப்பும். ஆகவே அது தருவது மங்கிய பச்சை. தாலோ நீலமோ பச்சையின் பக்கம் சாய்ந்தது. எலுமிச்சை மஞ்சளோடு அது சேர்ந்தால் பளிச்சென்ற பச்சை தோன்றும். சில வண்ணங்களையே வைத்திருப்பவன் அவற்றின் இத்தகைய குணங்களை அறிந்துகொள்கிறான். பெட்டி நிறைய வைத்திருப்பவன் பச்சை வேண்டுமென்றால் பச்சை டியூபைத் திறக்கிறான், எதையும் கற்பதில்லை.

"மயில் கழுத்தின் நீலத்தை இந்த நான்கால் தீட்ட முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. ஸோர்னும் வேறு வண்ணங்களைப் பயன்படுத்தியவர்தாம். நீலம் தேவைப்படும் அன்று ஐந்தாவதாக ஒரு நீலம் வாங்குங்கள். எதற்காக வாங்குகிறோம் என்பது அப்போது தெரிந்திருக்கும்.

வாங்கும்போது டியூபின் மேலுள்ள அழகான பெயரை நம்பாதீர்கள். நிறமியின் குறியீட்டைப் படியுங்கள். அல்ட்ராமரீனுக்கு பி.பி. 29, டைட்டானியம் வெள்ளைக்கு பி.டபிள்யூ. 6. பெயருக்குப் பின் 'ஹ்யூ' என்றிருந்தால், அந்த நிறத்தைப் போலவே தோன்றும் வேறு நிறமி உள்ளே இருக்கிறது என்று பொருள். நிறமி எது என்பது சிறு செய்தியன்று. வான் கோ 1888-இல் தம் படுக்கையறையைத் தீட்டியபோது சுவர்கள் வெளிர் ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு நிறமி ஒளியில் வெளுத்துப்போனதால், இன்று அவை நீலமாகத் தெரிகின்றன.

உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது. பழைய ஓவியர்களின் வெள்ளையில் ஈயமும், சாதிலிங்கத்தில் பாதரசமும் உண்டு. உங்களுக்கு டைட்டானியம் வெள்ளையும் நாப்தால் சிவப்பும் போதும். எந்த வண்ணமானாலும் தூரிகையை வாயில் வைக்காதீர்கள்.

இறுதியாக ஒரு சோதனை. நான்கு வண்ணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 இணைகள் வரும். ஒவ்வோர் இணையையும் அளவு மாற்றி மாற்றிக் கலந்து, 5 கட்டங்களில் தீட்டுங்கள். அவசரம் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுவதால், காயப் பல நாள் ஆகும். முடித்தபின் எண்ணிப் பாருங்கள். 30 நிறங்கள்! கடையில் கண்ட பெட்டியில் இருந்தவை 24 தானே?