ஏட்டில் ஏறாத நினைவுகள்

போர்ட் பிளேயர் இனி ஸ்ரீ விஜயபுரம் என 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். பெயரைப் பற்றி நம் மன்றத்தில் சொற்போர் நடந்தது. என் கவலை வேறு.

1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையை நாடே அறியும். அபர்தீன் கடைத்தெருவில் கடை வைத்த நம்மவரை, மூன்று நாள் கப்பலில் கிடந்து வந்த பாட்டிமாரை யார் அறிவார்? 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் சிலர் கச்சால் தீவின் இரப்பர் தோட்டத்தில் உழைத்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. மாண்டவரோடு அவர்தம் கதைகளும் மாண்டன.

பிழைப்புத் தேடி இங்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் பயில்வது அறிவியல். குறித்து வைக்காத அளவீடு ஆய்வுக்கூடத்தில் சான்றாகாது. சமூகத்துக்கும் அதுவே விதி. டிசம்பர்தோறும் மலர் தூவுகிறோம், நன்று. ஆனால் மலர் மறுநாளே வாடிவிடும்.

தோழர்களே, இவ்விடுமுறையில் ஆளுக்கொரு முதியவரிடம் அமருங்கள். வந்த ஆண்டு, ஏறிய கப்பல், செய்த முதல் வேலை, இழந்த உறவு ஆகிய நான்கையும் கேட்டு எழுதுங்கள். புலமை வேண்டா, பொறுமை போதும். நம் இதழ் அவற்றை வெளியிடட்டும். முதியவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.