இருபது வினாடிக்கு நூறு பவுன்

லண்டன் மாநகரின் கிழக்கே நியூஹாம் என்றொரு பகுதி. அதிலே ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு. தமிழனுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இட்லிக் கடையும் நகைக் கடையும் தமிழிலே பலகை மாட்டியிருக்கும் தெரு அது. இலங்கையிலிருந்து போன தமிழர், பஞ்சாபி, வங்காளி, பழைய துறைமுகத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் என்று கூலி வாங்கிப் பிழைப்போர் கலந்து வாழும் பேட்டை. அங்கே பந்தயக் கடைகள் அடுத்தடுத்து முளைத்த கதையையும், ஊரார் அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறோம். அதில் நமது சங்கத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது.

முன்பெல்லாம் பிரிட்டனில் புதிதாகப் பந்தயக் கடை திறக்க வேண்டுமானால், இந்த வட்டாரத்துக்கு இது தேவை என்று நிரூபிக்க வேண்டும். 2005ல் நிறைவேறி 2007ல் அமலுக்கு வந்த சூதாட்டச் சட்டம் அந்த ஷரத்தை எடுத்துவிட்டது. லைசென்ஸ் கொடுப்பது ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பு. ஆனால் அனுமதி கொடுப்பதையே அது நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்றது சட்டம். கையிலே பேனாவைக் கொடுத்து, கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதாதே என்பதைப் போல!

ஒரு கடையில் நாலு யந்திரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்றும் விதி இருந்தது. நல்ல விதிதானே? கம்பெனிக்காரன் கணக்குத் தெரிந்தவன். நாலுக்கு மேல் கூடாதா, பக்கத்திலேயே இன்னொரு கடை! அந்த யந்திரத்தில் சக்கரம் ஒரு முறை சுழல இருபது வினாடி. ஒரு சுற்றுக்கு நூறு பவுன் வரை கட்டலாம். 2014ல் அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஆறரைப் பவுன். பதினைந்து மணி நேரம் தட்டுக் கழுவியவனின், மூட்டை தூக்கியவனின் கூலி இருபது வினாடியில் போயிற்று. இந்தக் கடைகள் சீமான்கள் வாழும் வீதியிலா குவிந்தன? இல்லை. வேலையற்றவனும் அரைக் கூலிக்காரனும் நடக்கும் வீதியிலேதான் குவிந்தன.

நியூஹாம் கவுன்சில் ஒரு பெரிய கம்பெனியின் மனுவை மறுத்துப் பார்த்தது. பந்தயம் பேருக்குத்தான், யந்திரமே அங்கு தொழில் என்பது அதன் வாதம். கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2013ல் கவுன்சில் தோற்றது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை என்பதுதான் இங்கே விசேஷம். தனியாகப் போனால் அடி விழும் என்று கண்டு, மற்ற கவுன்சில்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 2014ல் 93 ஸ்தல ஸ்தாபனங்கள் சேர்ந்து சர்க்காரிடம் ஒரே கோரிக்கை வைத்தன: நூறு பவுனை இரண்டு பவுனாகக் குறை! 2015 ஜூலையில் சர்க்கார் அதையும் நிராகரித்தது.

பிறகு கோரிக்கை கவுன்சில் மண்டபத்தைவிட்டு வெளியே வந்தது. பாதிரிமார்கள் பேசினார்கள். ஸ்வான்ஸி கிழக்குத் தொகுதியின் தொழிற்கட்சி மெம்பர் கரோலின் ஹாரிஸ் பார்லிமெண்டில் பல கட்சி மெம்பர்களைத் திரட்டினார். சூதினால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2018ல் தாங்களே ஒரு சங்கம் கண்டார்கள். 'எங்கள் பிள்ளை பலவீனன் அல்ல. அவன் கையில் கொடுத்த பண்டம்தான் விஷம்' என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம். இதை நமது தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சூதில் விழுந்தவனைத் திட்டுவது சுலபம். திட்டினால் அவன் ஒளிவான். அதைத்தானே கம்பெனி விரும்புகிறது?

2018 மே மாதம் இரண்டு பவுன் என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஆனால் 2019 அக்டோபரில்தான் அமல் என்று இழுத்தது. கஜானா வருமானம், சிப்பந்திகள் வேலை என்றெல்லாம் சாக்குகள். அந்த இலாகாவின் மந்திரி டிரேஸி கிரௌச் கன்சர்வேடிவ் கட்சிக்காரர். தாமதத்தைப் பொறுக்காமல் 2018 நவம்பர் 1ந் தேதி அவர் ராஜினாமா செய்தார். முதலாளிகளின் கட்சியில் இருந்தவர்தான். ஆனாலும் பதவியை வீசியவருக்குரிய மரியாதையைக் கொடுக்க நாம் தயங்கவில்லை. இரண்டு வாரத்தில் சர்க்கார் பணிந்தது. 2019 ஏப்ரல் முதல் இரண்டு பவுன்தான்.

அத்தோடு சூது ஒழிந்ததா? ஒழியவில்லை. கடையிலிருந்து கைபேசிக்குக் குடிபோயிற்று. அதற்கும் 2025ல் ஒரு சுற்றுக்கு ஐந்து பவுன், இருபத்தைந்து வயதுக்குட்பட்டவருக்கு இரண்டு பவுன் என்று வரம்பு வைத்தார்கள். சிகிச்சைக்கும் தடுப்புக்கும் கம்பெனிகள் மனமுவந்து கொடுத்த நன்கொடை போய், சட்டப்படியான வரி அதே ஆண்டில் வந்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1968ல் சர்க்காரே தொடங்கிய லாட்டரிக்கு 2003ல் தடை வந்தது. ஆனால் மூன்று நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக நடக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் அதிலே பணத்தை இழந்த ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே மாண்டது. ஆன்லைன் சூதுக்கு 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. அந்த நவம்பரிலேயே ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டு என்று சொல்லி ஐகோர்ட் விலக்கியது. 2023 அக்டோபரில் பந்தயப் பணத்துக்கு 28 சதவீத வரி போட்ட மத்திய சர்க்கார், 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் முழுவதையும் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் உடனே கோர்ட் வாசலில்!

கோர்ட் கோர்ட்டின் வேலையைச் செய்யட்டும். ஊரில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே நம் கேள்வி.

ஒரு தொழிலாளி சூதில் மூழ்கும்போது யாருக்குத் தெரிகிறது? கூட்டுறவுக் கடன் சங்கக் காரியதரிசிக்கு, அவன் இரண்டாம் கடனுக்கு வந்து நின்றது தெரியும். மகளிர் குழுத் தலைவிக்கு, அவன் மனைவி இரண்டு தவணை கட்டாதது தெரியும். ஷிப்டுத் தோழனுக்கு, அவன் இரவெல்லாம் விழித்துக் கண் சிவந்து வருவது தெரியும். பள்ளி ஆசிரியருக்கு, பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தராதது தெரியும். நாலு பேருக்கு நாலு துண்டு தெரியும். நாலையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. முழுதும் தெரிகிறபோது போலீஸ்காரர் வாசலில் நிற்கிறார். ஆகவே யூனியன், மாதர் சங்கம், வாலிபர் சங்கம், கடன் சங்கம், படிப்பகம் ஆகிய இவை மாதம் ஒரு மாலை ஒரே பாயில் உட்கார வேண்டும். கட்சிக் கொடியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நமது கிளைகள் இதற்கு முணுமுணுக்கும் என்பதும் நமக்குத் தெரியும். குடும்பத்தின் பெயரை ஊரில் உலவவிடாமல், அவனுடைய நெருங்கிய தோழன் ஒருவனை அனுப்பிப் பேசவைக்க வேண்டும். கடனை ஒழுங்குபடுத்த வழி சொல்ல வேண்டும். மனம் உடைந்தவனுக்கு 14416 என்ற சர்க்காரின் இலவச மனநல எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, நமக்கே கசப்பானது. நமது மன்றங்கள் சிலவற்றில் விளக்கு வைத்ததும் பத்திரிகை மடங்கிச் சீட்டுக்கட்டு விரிகிறது. 'பொழுதுபோக்குத்தான், நாலணா எட்டணாதான்' என்கிறார்கள். அந்தச் சீட்டுக்கட்டை மூடாமல் மற்றவனுக்குப் புத்தி சொல்ல நமக்கு என்ன வாய் இருக்கிறது?

மே 1ந் தேதி காலையில் கொடி ஏற்றுகிறோம். அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. கொடியேற்றம் முடிந்ததும் தோழர்கள் கலைந்துபோகாமல் நேரே அங்கே போக வேண்டும். மூன்று நம்பர் சீட்டு எந்த முக்கில், எந்தப் பெட்டிக் கடையின் பின்புறத்தில் விற்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊராட்சித் தீர்மானப் புத்தகத்துக்கு மட்டும் தெரியாது. அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.